கச்சானுக்கு ஓர் இடம்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் பிறந்தவனுக்குக் கச்சான் என்றால் காற்று. மேற்கிலிருந்து அடித்துக் கடலைக் குழப்பி, தொழிலுக்குப் போகிறவர்களை வீட்டில் இருத்திவைக்கும் காற்று. வட்டுக்கோட்டையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவருக்குக் கச்சான் என்றால் வறுத்த நிலக்கடலை. திருவிழாவுக்குப் போனவர் வாங்காமல் வீடு திரும்பினால் பிள்ளைகள் வாசல் படலை திறக்க விடமாட்டார்கள். ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு சரக்காக நினைத்துப் பேரம் பேசினால் என்ன நடக்கும் என்பதை இந்த வருடத் திருவிழாவில் ஊரே பார்த்தது.

இசைக்குழுவுக்குக் கச்சான் என்று பெயர் வைத்தவன் ஜெறோம். தகப்பனுக்கு வள்ளம், இவனுக்கு பேஸ் கிற்றார். ட்றம்ஸ் அடிக்கும் தாரிகா தெல்லிப்பழையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பகலெல்லாம் மற்றவர்களின் தலையிடிக்குக் குளிசை கொடுத்துவிட்டுப் பின்னேரம் புதுத் தலையிடிகளை உண்டாக்குகிறாள் என்பது அவள் தாயின் முறைப்பாடு. கிற்றாரும் பாட்டும் பிரவீணன். வட்டுக்கோட்டைக்காரன். கதிரையில் இருந்தாலும் கால் சும்மா இருக்காது.

அவர்கள் வாசிப்பது புளூஸ் ரொக். விலை குறைக்கச் சொல்லிக் கேட்பவர் மாதிரி முதல் வரியை இரண்டு தரம் சொல்லி, மூன்றாம் வரியில் காரியத்துக்கு வருகிற பாட்டு. கலியாண மண்டபங்கள் அதை வாங்கத் தயாராக இல்லை. அங்கே சினிமாப் பாட்டுத்தான் வேண்டும்.

இதற்கிடையில் பாரிஸில் இருக்கும் பிரவீணனின் தமையன் ஜெயரூபன், தம்பியை அங்கே கூப்பிட எல்லா ஒழுங்கும் செய்துவிட்டு ஒரு பதிலுக்காகக் காத்திருந்தான். பிரவீணன் தமையனிடமும் குழுவிடமும் ஒரே கதைதான் சொல்லியிருந்தான். தன் ஊர்க் கோயில் திருவிழாவில் சொந்தப் பாட்டோடு மேடை ஏறினால் நிற்பான். இல்லாவிட்டால் போவான். அவன் போனால் குழுவும் போச்சு.

அதனால்தான் ஜெறோம் கோயில் செயலாளர் தம்பிஐயாவுக்கு ஃபோன் எடுத்து, கச்சானுக்கு ஓர் இடம் வேண்டும், முன்பக்கமாகத் தந்தால் நல்லது என்று பணிவாகக் கேட்டான். தம்பிஐயா உடனே சம்மதித்தார். கரண்ட் வேண்டும் என்றதற்கு, ஒரு பல்பு போடலாம் என்றார். பல்பு என்றதும் ஜெறோமுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

திருவிழாவன்று பின்னேரம் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். மேடையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு குழு சினிமாப் பாட்டுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. கச்சானுக்கு ஒதுக்கிய இடம் வீதியோரம், கச்சான் கடை வரிசையின் நடுவில் இருந்தது. மேலே கூடாரம், உள்ளே ஒரு மேசை, ஒரு பல்பு.

தாரிகா சிரித்தாள். பிரவீணன் சிரிக்கவில்லை. தம்பிஐயாவைத் தேடிப் பிடித்து ஜெறோம் முறையிட, அவர் நிதானமாகக் கேட்டார்.

“கச்சான் எண்டுதானே கேட்டனீர் தம்பி? வறுக்கிற சட்டி எங்கை?”

மேடை நிரம்பிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிரவீணன் கூடாரத்துக்கு உள்ளும் வெளியுமாக நடந்தான். ஃபோனை எடுப்பான், பொக்கற்றில் போடுவான், திரும்ப எடுப்பான். கடைசியில், வருகிறேன் என்று தமையனுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றான்.

அப்போது பக்கத்துக் கடை உதயகலா, மணலில் கச்சானைப் பிரட்டியபடியே, இவர்கள் என்ன விற்கப்போகிறார்கள் என்று கேட்டாள். பாட்டு என்றாள் தாரிகா. உதயகலாவின் முகம் தெளிந்தது. தனக்குப் பக்கத்தில் இன்னொரு கச்சான் கடை வருமோ என்ற பயத்தில் இருந்தவள் அவள். தன் கடையிலிருந்து ஒரு வயர் தரவும் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

“சனம் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்கு யாவாரம் இல்லை, பிள்ளை. இடைக்கிடை நிப்பாட்டுங்கோ. நீங்கள் நிப்பாட்டேக்கை நான் விப்பன்.”

பாட்டின் நடுவில் மூன்று பேரும் ஒரே அடியில் நிறுத்தி, ஒரு வெறுமை விட்டுத் திரும்பத் தொடங்குவது புளூஸில் பழைய வித்தை. தாரிகா பிரவீணனைப் பார்த்தாள்.

“போறதெண்டால் போ. இவ்வளவு தூரம் தூக்கி வந்ததுக்கு ஒண்டு அடிச்சிட்டுப் போ.”

தொடங்கினார்கள். முதலில் பல்பு மங்கியது. பிறகு ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். வெங்காயத் தோட்டத்தைப் பற்றித் தான் எழுதிய பாட்டைப் பிரவீணன் பாடினான். முதல் வரியை இரண்டாம் தரம் சொல்லும்போதே முன்னால் நின்ற தோட்டக்காரர் இருவர் தலையாட்டினார்கள். நிறுத்தினார்கள். அந்த வெறுமையில் “கச்சான், கச்சான்!” என்று உதயகலாவின் குரல் விழுந்தது. சனம் சிரித்தது, வாங்கியது, போகாமல் நின்றது. மூன்றாவது நிறுத்தத்தில் அவளோடு சேர்ந்து சனமும் கத்தியது. கச்சான் கடைக்காரர் சத்தத்தைக் குறைக்கவும் என்று கோயில் ஒலிபெருக்கி அறிவித்தது. அதன்பின் மேடைப் பக்கம் நின்றவர்களும் என்னவென்று பார்க்க வந்தார்கள்.

பாட்டு முடிந்தும் சனம் கலையவில்லை. பிரவீணனின் ஃபோன் அடித்தது. மறுகாதைப் பொத்திக்கொண்டு கூடாரத்தின் பின்னால் போனான். ஜெறோமும் தாரிகாவும் பின்னாலேயே போய் வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்டார்கள்.

மேடை கிடைத்ததா என்று தமையன் கேட்டிருக்க வேண்டும்.

“இல்லை அண்ணை. கடைதான் கிடைச்சது. நான் வரேல்லை.”

ஜெயரூபன் போட்ட சத்தம் மற்ற இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

“பாரிஸை விட்டிட்டு உங்கை நிண்டு கச்சானோ விக்கப்போறாய்?”

“ஓம் அண்ணை,” என்றான் பிரவீணன். கால் ஏற்கெனவே அடுத்த பாட்டின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.