கதவு அடித்த கோல்

டிசம்பரின் கடைசி ஞாயிறு எங்கள் ஊரில் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கால்பந்தாட்டம். தோற்ற அணி அன்று மாலை விருந்தின் பாத்திரங்களைத் தேய்க்க வேண்டும்.

இந்த வருடம் ஜெர்வாசியோ வந்திருந்தான். பதினெட்டு வயதில் போர்ச்சுகலுக்கு ஆடப் போனவன். பிறகு நார்வே, சைப்ரஸ், கஜகஸ்தான். அவன் கிளப் மாறும்போதெல்லாம் என் புவியியல் வகுப்பில் அந்த ஊரை வரைபடத்தில் காட்டுவேன். தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் ஊரில் அவனுக்குக் கதவு என்று பெயர். முழங்கால் போனதும் திரும்பிவிட்டான், இன்னும் கல்யாணம் ஆகாமல்.

அத்தனை நாடுகளிலும் அவன் ஒரு கோல்கூட அடித்ததில்லை. அவன் அம்மா இராசெமா எல்லா ஆட்டங்களையும் கைபேசியில் பார்த்தவள். மகனின் முதல் கோலுக்கென்று அவள் வாங்கிய ராக்கெட் வெடி அலமாரியில் பழசாகிக்கொண்டிருந்தது. அன்று அதையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்து கோட்டருகே உட்கார்ந்தாள்.

நான் எந்த அணி என்பதில் தகராறு. என் மனைவி லூசீனியா மார்ச்சில் இறந்தாள். பெண்டாட்டி இல்லாதவன் எங்களோடு என்றது ஒரு கூட்டம். மோதிரம் போட்டவன் எங்களோடு என்றது மற்றது. என்னை யாரும் கேட்கவில்லை.

ஜெர்வாசியோ கையுறைகளை என் மார்பில் வைத்து அழுத்தியபடி கூட்டத்திடம் சொன்னான்.

"மோதிரத்தக் கழட்டலல்ல? அப்ப அந்தப் பக்கக் கோல்ல நிக்கட்டும்." பிறகு என் காதருகே, "அடெமார், எங்கம்மா பாக்குறாளேன்னு பாவப்பட்டுக் கோல் விட்டுத் தொலச்சே, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றான்.

"நீ மொதல்ல கோல் பக்கம் வா. வழி தெரியுமா?" என்றேன்.

மழை கொட்டியது. செம்மண் கூழானது. ஒன்றுக்கு ஒன்று என்று முடியவிருந்த ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவர் பந்தைக் கையால் தட்டினார். நடுவரான பாதிரியார் பெனால்டி கொடுத்தார். அவரும் கல்யாணம் ஆகாதவர்தான் என்று எங்கள் அணி வழக்கம்போல் முறையிட்டது. அவர் வழக்கம்போல் காதில் வாங்கவில்லை.

பந்தை ஜெர்வாசியோவிடம் கொடுத்தார்கள். இராசெமா குடைக்குள் தீக்குச்சியோடு தயாரானாள்.

வலப்பக்கம் ஓங்கி அடித்தான். நானும் மெய்யாகவே பாய்ந்தேன். பந்து உள்ளங்கையில் பட்டுத் திரும்பியது. ஓடிவந்த ஜெர்வாசியோ வழுக்கி விழுந்தான். பந்து அவன் வயிற்றில் மோதி, என்னைத் தாண்டி உருண்டு, கோட்டுக்குச் சற்று முன்னால் சேற்றில் நின்றுவிட்டது. இருவரும் அதை நோக்கித் தவழ்ந்தோம். அவன் நெற்றி முந்திக்கொண்டது.

கோல்.

ராக்கெட் சீறி, பக்கவாட்டில் பறந்து, இறைச்சி சுடும் பந்தலுக்கு மேல் வெடித்தது. ஊரே மைதானத்துக்குள் ஓடிவந்தது. இராசெமா மகனின் சேற்று முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன தேசம் சுத்துன. கடைசில தவழ்ந்து போயாடா அடிப்ப?"

நான் சிரித்தேன். என் தொண்டையிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது என்பது தெரியச் சற்று நேரமாயிற்று.

மாலையில் புருஷன்மார்களின் வரிசையில் நின்று பாத்திரம் தேய்த்தேன். ஜெர்வாசியோ கரி பிடித்த பெரிய அண்டா ஒன்றைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தான்.

"கல்யாணமானவரே, இதையும் தேய்ங்க."

தேய்த்தேன்.