விரிஞ்சிபுரத்து லாயம்

குதிரை வாங்கப் போகிற இடத்துக்கு வண்டியோடு போகக் கூடாது. வண்டியைப் பார்த்ததுமே, இவன் வாங்காமல் திரும்பமாட்டான் என்று விற்கிறவர் விலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஆயுசில் பாதியைத் தோல் தரகில் கழித்த கோதண்டபாணிக்கு இது தெரியாதா? ஆனாலும் ஆம்பூரிலிருந்து டிரைவர் பூவரசனின் மூடிய லாரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஓசூருக்கு வெளியே அந்தக் குதிரைப் பண்ணைக்கு முந்தின வளைவில், டீக்கடைக்குப் பின்னால் அதை மறைவாக நிறுத்தச் சொன்னார்.

"யாராச்சும் கேட்டா இன்னா சொல்றது சார்?" என்றான் பூவரசன்.

"முட்டைக்கோஸ் ஏத்த வந்தேன்னு சொல்லு."

"உள்ள வைக்கோல் பரப்பி வெச்சிருக்கே."

"முட்டைக்கோசுக்கு அடிபடக் கூடாதுன்னு சொல்லு. பொய்யைக்கூட நானே பெத்து நானே வளக்கணுமா?"

டீக்கடையில் காத்திருந்த மகள் ஹேமலதா லாரியின் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "தோல் நாத்தம் அடிக்குதுப்பா. குதிரை ஏறாது."

"மூணு வாட்டி கழுவியாச்சு. எனக்கு ஒண்ணும் அடிக்கலையே."

"உனக்கு எப்படிப்பா அடிக்கும்?"

ஹேமலதாவுக்கு பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை. விடிவதற்குள் எழுந்து இந்தப் பண்ணைக்கு வந்து குதிரை ஏறிவிட்டு, அப்புறம் ஆபீசுக்குப் போவாள். தடை தாண்டும் போட்டிகளில் வாடகைக் குதிரையில் ஏறியே இரண்டு கோப்பை வாங்கியிருந்தாள். இனி மேலே போக வேண்டுமானால் சொந்தக் குதிரை வேண்டும். அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. அவராகத்தான் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

காரணம் இருந்தது. சத்துவாச்சாரியில் அவருடையது மாடி வைத்த வீடு. மனைவி போனதிலிருந்து அதில் பேசுவது டிவி மட்டும். பேச்சுத்துணைக்காக வாசலில் கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு முளைக்கீரைக்கு அரைமணி நேரம் பேரம் பேசுவார். அந்தம்மாவுக்கு வேறு தெருக்களும் இருந்தன. இப்போது அவர் வீட்டு வாசலை மட்டும் ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறாள்.

விரிஞ்சிபுரத்தில் பாலாற்றை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே லாயம் ஒன்று கட்டினார். குதிரை வழுக்காமல் நிற்க ரப்பர் விரிப்பு, கொசு கடிக்காமல் இருக்க மின்விசிறி, ஆற்றுக்காற்றுக்கு ஒரு ஜன்னல். பக்கத்தில் மகள் வந்தால் தங்க ஓர் அறை, தனக்கு ஓர் அறை. குதிரை இங்கே இருந்தால் மகள் சனிக்கிழமைதோறும் வந்துதானே ஆகவேண்டும்? குதிரைக்கு விலை கொடுத்து அவர் வாங்க நினைத்தது சனிக்கிழமைகளை.

போனில் லாயத்தைப் பற்றிச் சொன்னபோது, "பார்க்கலாம்ப்பா" என்றாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்காரர் "பார்க்கலாம்" என்றால் சரக்கை அள்ளிக்கொண்டு அடுத்த கேட்டுக்குப் போய்விடுகிறவர் கோதண்டபாணி. அதையே மகள் சொன்னதும் மேஸ்திரியைக் கூப்பிட்டு லாயத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார்.

நூரி என்ற செம்பழுப்புப் பெட்டைதான் வேண்டும் என்று ஹேமா முதல் நாளே சொல்லிவிட்டாள். பார்த்த முதல் சரக்கை வாங்குவது மரபில்லை என்று அவர்தான் வேறு இரண்டைப் பார்க்க வைத்தார். ஒன்று எலஹங்காவில். தோல் கண்ணாடி, ஒரு கீறல் இல்லை, ஒரு உண்ணித் தழும்பு இல்லை. முதல் தரம் என்று அவர் கை தானாக நீண்டது. ஹேமா ஏறிப் பார்த்தாள். தடைக்கம்புக்கு முன்னால் வந்ததும் அது நின்று ஏதோ மறந்துவிட்டதைப் போல் யோசித்தது. "தோலை வெச்சிக்கிட்டு நான் செருப்பா தைக்கப் போறேன்?" என்று இறங்கிவிட்டாள். இன்னொன்று பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது; கம்பைத் தாண்டாமல் கம்போடு ஓடியது. ஆக, சுற்றி வந்து நூரியிடமே நின்றார்கள்.

"முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது," என்றார் பண்ணை கேட்டுக்குள் நுழையும்போது. "வேண்டாவெறுப்பா நில்லு."

ஹேமா முகத்தைச் சுவராக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றாள். ஆனால் வேலிக்கு உள்ளேயிருந்து நூரி ஓடி வந்து, கழுத்தை நீட்டி அவள் பாக்கெட்டில் கேரட் தேடியது.

"அதுக்கும் சொல்லி வெச்சிருக்கணும்," என்று முணுமுணுத்தார் கோதண்டபாணி.

பண்ணைக்காரி அஃப்ரோஸ் டீயோடு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், குதிரை ஏறி ஏறி நடையே சற்று அகன்றுவிட்டவள். நூரியும் அவளுடையதுதான், ஹேமாவுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான்.

"வாங்க சார். மூணாவது வாட்டி வர்றீங்க."

"இந்தப் பக்கம் ஒரு வேலை மேடம். அப்படியே எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு."

அவர் நூரியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். கால்களைத் தடவிப் பார்த்தார். பழக்கத்தில் உள்ளங்கை விலாவுக்குப் போனது. தோல் சட்டென்று சிலிர்த்து அவர் கையின் கீழ் ஓடியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். இத்தனை காலம் தொட்ட தோல்களில் ஒன்றுகூட அவரைத் திருப்பித் தொட்டதில்லை.

ஹேமா சேணம் போட்டு ஏறினாள். களத்தில் கம்புகள் குறுக்கே வைக்கப்பட்டிருந்தன. முதலில் இடுப்புயரம், பிறகு அதற்கும் மேலே. நூரி அவசரப்படாமல் வந்தது, காதை முன்னால் நீட்டியது, கம்பை அளந்து எழும்பியது. நாலு காலும் மடங்கி மண்ணை விட்டு உயர்ந்த அந்த ஒரு கணத்தில், மகளின் சுவர்முகம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு முகத்தோடு அவள் சத்துவாச்சாரி வீட்டுக்குள் நுழைந்து எவ்வளவு காலமாயிற்று என்று கோதண்டபாணி யோசித்தார். கையிலிருந்த டீ ஆறிப்போனது.

என்ன விலையானாலும் இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். முடிவு செய்துவிட்டதால் உடனே குறை சொல்ல ஆரம்பித்தார். பிடித்த சரக்கைத்தான் அதிகம் திட்ட வேண்டும். பிடிக்காததை எவன் மெனக்கெட்டுத் திட்டுவான்?

"வயசு ஜாஸ்தி மேடம். தொடையில பாருங்க, முள்கம்பி கிழிச்ச தழும்பு. பின்னங்கால் கம்பை லேசா உரசுது."

"உரசுச்சு, ஆனா கம்பு விழல," என்றாள் அஃப்ரோஸ்.

அப்போது குதிரைக்காரர் ஒருவர் பக்கத்து வேலியிலிருந்த கிழட்டு வெள்ளைக் குதிரையை அவிழ்த்து, லாடம் பார்ப்பதற்காகப் பண்ணையின் மறுகோடிக்கு நடத்திப் போனார். அது கண்ணில் மறைந்ததுதான் தாமதம். நூரி தலையைத் தூக்கிக் கூப்பாடு போட்டது. ஒரே இடத்தில் சுற்றியது. நிமிஷத்தில் கழுத்து வேர்த்துக் கறுத்தது. ஹேமா இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தும் அடங்கவில்லை.

கோதண்டபாணிக்கு உள்ளுக்குள் லாட்டரி அடித்தது. சொத்தைப் புளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஐயய்ய! இது பெரிய குறையாச்சே மேடம்! ஒத்தையில நிக்காதா? ஜோடியைப் பிரிச்சா இந்தக் கத்துக் கத்துதே. சோறு தண்ணி எறங்குமா? பேஜார் புடிச்ச சரக்கு. எந்த ஊர்ல எவன் இதை வாங்குவான்? நானாயிருக்கங்காட்டி நின்னு பேசினு இருக்கேன்."

அஃப்ரோஸ் சிரித்தாள். "எங்க ஊடு வாணியம்பாடி சார். எங்க அப்பாவும் உங்க லைன்தான். ஆட்டுத்தோலைக் கையில வெச்சிக்கிட்டே, இது ஆடே இல்லம்பாரு."

"தோஸ்த் ஆயிட்டோம் அப்ப. ஒரு வெலை சொல்லுங்க."

"வெலை சொன்னது சொன்னதுதான். ஆனா கடைசியா ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு நெஜம். நூரி ஒத்தையில நிக்காது. எந்தக் குதிரையுமே நிக்காது, இது இன்னும் மோசம். நீங்க எங்க வெச்சிக்கப் போறீங்க?"

"விரிஞ்சிபுரத்துல. நம்ம நெலம். ஃபேன்லாம் போட்டு லாயம் கட்டியாச்சு."

"அங்க வேற எத்தனை குதிரை இருக்கு?"

ஒத்தையில் நிற்காது என்று அவர் தன் கையாலேயே தூக்கிப் போட்ட கல், தன் லாயத்தின் கூரையிலேயே போய் விழுந்திருந்தது.

ஆனாலும் அவர் தரகர். "அந்த வெள்ளைக் குதிரையையும் சேர்த்துக் குடுங்க."

"பாதுஷாவா? கண்ணு ஒண்ணு போயிருச்சு. லாரி ஏத்தினா ஊர் போய்ச் சேராது. அது விக்கிறதுக்கில்ல."

"அப்ப ஒரு கழுதை வாங்கிக் கட்டறேன். ரெண்டு ஆடு கட்டறேன்."

"ராவும் பகலும் கூட யாரு சார் இருப்பாங்க?"

"நான் இருக்கேன்ல?"

கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. நூரியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ஹேமாவின் கை நின்றது. அஃப்ரோஸ் டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு, பாதுஷாவைத் திரும்பக் கூட்டி வரச் சொல்வதற்காகப் போவதைப் போல் நகர்ந்துவிட்டாள்.

"அப்பா," என்றாள் ஹேமா. "இதைத் தெனமும் ஏறணும்ப்பா. மேடம் கூட நிக்கணும். வாரத்துக்கு ஒரு வாட்டி வந்து ஏறினா இது தாண்டற குதிரையா இருக்காது. கட்டிப்போட்ட குதிரையா இருக்கும்."

"பாதி மாசம் இங்க, பாதி மாசம் அங்க. நடுவுல முடிச்சிக்கலாம்."

"நடுவுல முடிக்க இது தோல் இல்லப்பா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? லாயத்துக்கு வெள்ளைகூட அடிச்சாச்சு."

"நீ அவ்ளோ ஆசையா சொன்னே. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." அவள் கடிவாளத்தின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "நீ வேணா சனிக்கிழமை இங்க வந்துடேன்ப்பா. நான் ஏறுறதைப் பார்க்கலாம்."

"எனக்கு இங்க இன்னா வேலை?" என்றார் கோதண்டபாணி.

முதல் அழைப்புக்குத் தலையாட்டுகிறவன் வியாபாரி இல்லை. வேண்டாம் என்று எழுந்து படி இறங்க வேண்டும். பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்புறம்தான் போனால் போகிறதென்று உட்கார வேண்டும். பேர்ணாம்பட்டிலிருந்து வாலாஜா வரைக்கும் இதுதான் நடைமுறை. அவர் காத்திருந்தார்.

ஹேமா தோல் மண்டியில் வளரவில்லை. "சரிப்பா," என்றாள்.

பாதுஷா ஒற்றைக் கண்ணோடு மெல்ல நடந்து வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. நூரி அடங்கிப்போய் அதன் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டது.

அஃப்ரோஸ் வந்ததும் கோதண்டபாணி, "குதிரை இங்கயே இருக்கட்டும். ஹேமலதா பேர்ல எழுதுங்க," என்றார். கேட்ட விலையை அப்படியே செல்போனில் அனுப்பினார். அஃப்ரோஸ் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவள் அப்பா எந்தச் சரக்குக்கும் அப்படிக் கொடுத்திருக்கமாட்டார்.

"வளைவுல நிக்கிற லாரி உங்களுதுதானே சார்? காலியாவா அனுப்பப் போறீங்க?"

"முட்டைக்கோஸ் வண்டி மேடம் அது," என்றார்.

ஹேமா அவரைக் கட்டிக்கொண்டாள். வேர்வையும் குதிரையும் கலந்த வாசனை. அது மட்டும் அவர் மூக்குக்கு நன்றாகத் தெரிந்தது. "சாப்புட்டுப் போலாம்ப்பா" என்றாள். சாப்பாட்டுக்கு முன்னால் அவள் இன்னொரு சுற்று ஏற நினைப்பது, அவள் கண் களத்தின் பக்கம் போய்ப் போய் வந்ததில் தெரிந்தது. "நீ ஏறு" என்று சொல்லிவிட்டு நடந்தார். வளைவு வரைக்கும் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. கொஞ்சம் நிற்கும், அப்புறம் தொப்பென்று மண்ணில் விழும். திரும்பிப் பார்க்காமலே, தாண்டிவிட்டாள் என்று தெரிந்தது.

பூவரசன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "குதிரை எங்க சார்? வெலை படியலையா?"

"வாங்கியாச்சு."

"அப்ப?"

"வண்டியை எடு."

கிருஷ்ணகிரி தாண்டியதும் பூவரசன் காலியாகப் போகிற உற்சாகத்தில் லாரியை விரட்டினான். பர்கூர் மேட்டில் இரண்டு பஸ்களை முந்தினான்.

"மெதுவா போ, பூவரசா."

"இன்னா சார், பின்னாடி குதிரையா நிக்குது? இப்படியே வுட்டேன்னா இருட்டறதுக்குள்ள உங்களை சத்துவாச்சாரி ஊட்டு வாசல்ல எறக்கிடுவேன்."

"அதுக்குத்தான்யா சொல்றேன்."