தாய்மாமன் கார்

கிருஷ்ணன்கோவில் ரோட்டில் தங்கை புருஷன் சங்கையா ஹாரன் அடித்தபடி முந்திப் போனதை ராக்கப்பனால் ஜீரணிக்க முடியவில்லை. இருவரும் வைத்திருந்தது அதே சின்ன மாருதிதான். மறுநாள் காலையிலேயே ராஜபாளையத்தில் மெக்கானிக் சுப்புராஜின் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றார்.

"எஞ்சினுக்கு ரேசுக்காரன் போடுத கேம்ஷாப்ட் வேணும். அதுக்குத் தோதா கார்புரேட்டரு, வால்வு ஸ்பிரிங்கு எல்லாத்தையும் மாத்து."

"அது வேகத்துலதான் இழுக்கும் அண்ணாச்சி. ஊர்ந்து போனா ஆஃப் ஆயிரும். நடுத்தரமா ஒண்ணு போடுவோம்."

"நான் என்னைக்குலே ஊர்ந்து போனேன்? சொன்னதப் போடு."

அதே ரோட்டில் சங்கையாவை இரண்டு தடவை முந்தினார். இரண்டு தடவையும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

வைகாசியில் சங்கையாவின் மகனுக்குக் கல்யாணம். அழைப்புக்கு மாப்பிள்ளை வரவேண்டியது தாய்மாமன் காரில். அந்த உரிமையைச் சங்கையாவாலும் மறுக்க முடியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மகனை ஏற்றிவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ராக்கப்பனின் கார் ஊர்ந்தது. நாலு வீடு தாண்டுவதற்குள் நின்றது. கிளப்பினால் மறுபடி நின்றது. நிற்காமல் இருக்க ஆக்சிலேட்டரை மிதித்தால், போட்ட உறுமலில் மேளச் சத்தமே கேட்கவில்லை. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி முறைத்தார்.

சங்கையா வந்து கார்க் கதவைத் திறந்தான். "எறங்குலே" என்றான் மகனிடம். பிறகு குனிந்து ராக்கப்பனைப் பார்த்தான்.

"நீங்க வேகமாப் போங்க மச்சான். எம்மவன் நடந்து வருவான்."