வெர்லின் திட்டு

ரெய்னி ஏரியில், பிளந்த பைன் மரத்துக்கு நேரே மீன் குவியும் அந்த நீரடிப் பாறைத் திட்டு, என் நங்கூரம் சிக்கியதால் தெரியவந்தது. பதினோரு வருஷமாக எனக்கும் மச்சான் வெர்லினுக்கும் மட்டுமே தெரியும். வேறு படகு தலைகாட்டினாலே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

இந்த வருஷப் பயணத்துக்கு அறை பிடிக்க, கரையோர விடுதிக்காரி லொரெய்னுக்குப் போன் போட்டேன்.

"வால்ஐ மீனு, பாஸ் மீனு ரெண்டுமே வெர்லின் திட்டுலதான் அள்ளுது. பிளந்த பைன் மரத்துக்கு நேரே. சுவர்ல எடம் காட்டுற வரைபடமே மாட்டியிருக்கோம்."

"யாரு குடுத்த வரைபடம்?"

"உங்க வெர்லின்தான். தனியாவே கண்டுபிடிச்சாராமே, உங்ககிட்ட சொல்லலையா?"

அறையைப் பேசி முடித்துவிட்டுப் போனை வைத்தேன். எதிரே உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான் வெர்லின்.

"என்ன மாப்ளே, ரூம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. ஒருத்தருக்கு."