பிழைத்த வங்கிக்கு நாற்பது கேக்

பேக்கரியின் ஷட்டரைத் தகரம் நெளியும்படி யாரோ அறைந்தார்கள். மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து அக்கா அதைத் தூக்கினாள். வெளியே லாரி. அதன் முன்னால், நான்கு சுமைதூக்கிகளோடு, கழுத்தில் வங்கி அட்டை தொங்க நின்றவன் அவளுடைய சொந்தத் தம்பி.

"அடுப்புக் கடன்ல ரெண்டு தவணை நிக்குதுக்கா. அடுப்பைத் தூக்கிட்டு வரச் சொல்லிட்டாங்க."

"உங்க பேங்க்ல வேற ஆளே இல்லையா?"

"நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். வேற எவனாவது வந்தா மரியாதை இல்லாமப் பேசுவான்."

"நீ மரியாதையாத் திருடுவ."

பின்கட்டிலிருந்து அவள் கணவன் தலையை நீட்டினான். "வாங்க மச்சான். உங்க பேங்க் மூழ்கிடாம இருக்க அரசாங்கம் கோடி கோடியாக் கொட்டுதாமே, டிவியில சொன்னான். இந்த லாரி அங்க போகலயா?"

"அது வேற மாமா. சந்தைன்னா நஷ்டத்துல ஓடுற கடையை மூடத்தான் செய்வாங்க."

"நஷ்டத்துல ஓடுற பேங்க்கை?" என்றாள் அக்கா.

"அது பெருசுக்கா. அது விழுந்தா எல்லாரும் விழுவோம்."

"அப்ப நான் சின்னவளா இருக்கறதுதான் குத்தம். வட்டியை ஏத்தி ஏத்திக் கழுத்தை நெரிச்சது யாரு? பத்தாததுக்கு நான் கட்டின வரியையும் அள்ளிக் குடுத்திருக்கானுங்க. அந்தக் காசுலதானே இந்த லாரிக்கு டீசல்?"

தம்பி சுமைதூக்கிகளுக்கு உள்ளே கைகாட்டினான். சுமைதூக்கி ஒருவன் அடுப்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"அணைச்சிடுக்கா. ஆறினாத்தான் தூக்க முடியும்."

"உள்ள வேகறது என்னன்னு தெரியுமா? இங்க வா."

மேசையில் பூச்சு முடிந்த கேக் ஒன்று இருந்தது. அதன் மேல் நீலச் சர்க்கரையில் அவன் வங்கியின் சின்னம்.

"நாற்பது கேக். உங்க தலைமை அலுவலகம் ஆர்டர் குடுத்திருக்கு. பேங்க் பிழைச்சதுக்குச் சாயங்காலம் விழாவாம். உனக்குச் சொல்லலையா?"

அவன் சின்னத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "பில் எவ்வளவு?"

சொன்னாள்.

"ஒரு தவணைக்கு மேலயே வருதே." அவன் குரலில் அதிகாரி போய்த் தம்பி எட்டிப்பார்த்தான். "ஒரு தவணை இன்னிக்கே கட்டிட்டா, லாரியைத் திருப்ப எனக்கு அதிகாரம் இருக்குக்கா."

"அப்ப போன் போடு. காசு கைக்கு வராம ஒரு துண்டுகூட வெளிய போகாது."

மேலாளரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னான். சுமைதூக்கிகள்கூடப் பீடியை அணைத்துவிட்டு அருகில் வந்து நின்றார்கள். மறுமுனையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். மேலாளர் அவசரத்தில் இருந்தார்.

"அரசாங்கப் பணம் இன்னும் நம்ம கைக்கே வரலப்பா. கேக்கை இப்பக் கடனா அனுப்பச் சொல்லு, அனுப்பினதும் அடுப்பை மறக்காம ஏத்திட்டு வந்துடு."