சனிக்கிழமைக்கான நன்றி

இதைப் பிறர் வாசிக்கும்படி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. வாசிப்பவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தினந்தோறும் தியானக் குறிப்பேடு எழுத வேண்டும். அன்று வாசித்த வேதப் பகுதி, அதில் பெற்ற எண்ணம், கடைசியில் அந்த நாளுக்கான நன்றி. மாதம் ஒருமுறை அந்த ஏட்டை நம் ஜெபத் துணையிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் படித்து, நமக்காக ஜெபித்து, கையெழுத்திட்டுத் திருப்பித் தருவார். எனக்கு ஜெபத் துணை, எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா.

நான் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்தில் ஏற்றி இறக்கிய பிறகு பொதியின் மேல் தேதி ஒட்ட வேண்டும். நீராவி முடியும் முன்பே தேதி ஒட்டுவது அங்கே பெருங்குற்றம். பதினான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் நான் அதைச் செய்ததில்லை. வீட்டில் செய்தேன்.

என் கணவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு மெல்லத் திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. வேலை முடிந்து வந்து, அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, காலுக்குப் பயிற்சி செய்வித்து, துணி அலசிப் போட்டு உட்கார்ந்தால், பேனாவைப் பிடிக்கக் கை ஒத்துழைக்காது. திறந்த ஏட்டின் மேலேயே தூங்கிப்போயிருக்கிறேன். ஒருமுறை என் கன்னத்தில் மை ஒட்டியிருந்ததைக் கண்டு, "வேதம் உள்ள இறங்குச்சோ இல்லையோ, மேல நல்லா ஒட்டிக்கிச்சு" என்றார் அவர்.

ஆகவே, ஞாயிறு பிற்பகலில் வரும் ஆறு நாட்களுக்கும் சேர்த்து எழுதத் தொடங்கினேன். எந்த நாளுக்கு எந்தப் பகுதி என்பது சபையில் கொடுத்த தாளில் இருந்தது. எண்ணங்களையும் எப்படியோ திரட்டிவிடலாம். நன்றிதான் சங்கடப்படுத்தியது. இன்னும் வராத நாளுக்கு எதைச் சொல்லி நன்றி கூறுவது? திங்களுக்கு, பேருந்து நேரத்தில் வந்ததற்காக. செவ்வாய்க்கு, நல்ல தூக்கம் கிடைத்ததற்காக. வெள்ளிக்கு, அமைதியான மாலைக்காக. சனிக்கு வந்தபோது சரக்குத் தீர்ந்துவிட்டது. கண் சொருகிக்கொண்டு வந்தது. 'இன்று அவர் சுவரைப் பிடிக்காமல் ஜன்னல் வரை நடந்தார்' என்று எழுதி ஏட்டை மூடிவிட்டேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை. ஒரு காலியிடத்தை நிரப்பினேன், அவ்வளவுதான்.

ஏடுகளை ஞாயிறன்று மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். அந்த வாரம் அக்காவுக்குக் கல்யாணத் தையல் நெருக்கியதால் வியாழக்கிழமையே வந்து கேட்டார். நான் கணவரின் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிட்டேன்.

வெள்ளி மாலை ஏட்டோடும் ஒரு பொட்டலத்தோடும் வந்தார். நேராக என் கணவரின் கட்டிலருகே அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு புதிய கால்சட்டை. ஒரு கையாலேயே மாட்டிக்கொள்ளும்படி, பொத்தானுக்குப் பதிலாகப் பெரிய கொக்கி வைத்துத் தைத்திருந்தார்.

"ஜன்னல் வரைக்கும் நடந்தீங்களாமே தம்பி. அடுத்து சபைக்குத்தானே? நாடா வச்ச பைஜாமாவோடயா வர்றது? அதான் கல்யாணத் துணிய ஓரமா போட்டுட்டு இதத் தச்சேன்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் இடது கையை நீட்டி ஏட்டைக் கேட்டார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் தேதியைத்தான் முதலில் பார்ப்பார். அது அவருடைய தொழில்.

"அக்கா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"அப்போ நான் நாளைக்குத்தான் நடந்திருக்கேன்."

அக்கா ஏட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அன்று காலை ஜெபக்கூட்டத்தில் இதையே சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் எழுந்து துதித்திருக்கிறார்கள்.

"நான் எந்த முகத்தோட போய் நிப்பேன், தங்கச்சி?"

நீங்கள் நிற்க வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். அவ்வாறே ஞாயிறன்று சொல்லவும் செய்தேன். குரல் பின்வரிசையை எட்டியிராது. அந்த வெள்ளி மாலை அக்கா கையெழுத்திடாமல் ஏட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். கால்சட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கணவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இருக்கிறவன் பத்தலன்னு இன்னொருத்தன எழுதி வச்சிருக்கே."

அதுதான் என் பயமும். தேதியைக் குறித்து அவருக்கு வருத்தமில்லை. நடக்கிற ஒருவரை நான் மனத்துக்குள் தேடிக்கொண்டு, நடக்காத இவரைச் சகித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்படி இல்லை என்று பலவாறு சொல்லிப் பார்த்தேன். எதுவும் அவர் முகத்தை எட்டவில்லை. கடைசியில், ஓராண்டாக அவர் காதில் விழாமல் காத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு ரொம்ப அலுத்துப் போச்சுங்க. உங்க மேல இல்ல. உடம்பு தாங்கல."

அவர் ஏட்டை மடியில் வைத்து இடது கையால் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு தாள், இன்னொரு தாள். பொறுமையாக, மாதக்கணக்காக.

"இது எங்க எழுதியிருக்கே?"

எங்கும் எழுதவில்லை என்றேன்.

"வருஷம் பூரா நன்றியாவே இருக்கு. கடவுளுக்கே சந்தேகம் வந்திருக்குமே."

புரட்டிக்கொண்டே வந்தவர் அன்றைய பக்கத்தில் நின்றார். 'அமைதியான மாலைக்காக நன்றி.' அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்தால் அவருக்கு வாயின் ஒரு பக்கம் ஒழுகும். துடைத்துவிட்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாகவே முடிந்ததென்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. இருவருமே நேரம் கழித்து எழுந்தோம். மாலையில், முன்பு எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினேன்: 'ஜன்னல் வரை நடக்கவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் முழுப் பாரத்தையும் என் இடது தோளில் போட்டார். தோள் வலிக்கிறது.' நன்றிக்கான இடத்தில் எழுத ஒன்றும் வரவில்லை, விட்டுவிட்டேன்.

படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"தோள் வலிக்குதா? எத்தன நாளா?"

"ரொம்ப நாளா."

கட்டிலுக்குத் திரும்பும் நேரம் வந்தபோது, வழக்கம்போல அருகே போய்த் தோளைச் சாய்த்துக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் இறுகப் பற்றிக்கொண்டு, எழ முயன்று, உட்கார்ந்துவிட்டார். மறுபடி முயன்றார். எனக்குக் கை பரபரத்தது. கட்டிக்கொண்டு நின்றேன். நான்காவது முறை எழுந்துவிட்டார். ஒரு விரல் மட்டும் என் கையில் வைத்துக்கொண்டு, கட்டில் வரை காலை இழுத்து வர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை என்பதைப்போல நின்று காத்திருந்தேன்.