ஆள் கணக்கில் ஒன்று குறைவு

தோட்டக் கணக்கர் ஹியூபர்ட் கிராணியின் கால்கள் இரண்டும் சர்க்கார் கால்கள். காட்டுக் கலகக்காரர்களுக்குப் பயந்து ஆறு மணிக்கு ஊரடங்கு என்று சட்டம் வந்த நாளிலிருந்து, கம்போங் குவாந்தான் பக்கத்துத் தோட்டத்தில், முள்வேலி கேட்டில் நின்று லயத்தில் குடியிருக்கும் தொழிலாளிகளை எண்ணி உள்ளே விட்டுச் சாத்துவது அவர் பொறுப்பு. ஐந்தரை ஆனால் அந்தக் கால்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிடும். ஒருமுறை பல் பிடுங்க மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். அன்றைக்கும் போய் எண்ணிவிட்டுத்தான் வந்து படுத்தார். கணக்கு சரியாகவே இருந்தது.

அவர் மனைவி அகதாவுக்கு ஒரே ஒரு குறை. விளக்கு வைத்த பிறகு புருஷனோடு வெளியே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டது எப்போது என்றே அவளுக்கு மறந்துபோயிற்று. ஆகவே, கல்யாண வெள்ளிவிழாவுக்கு நகை வேண்டாம் என்றாள்.

"சயாமுக்கு ரயில்ல போவோம். அங்க ஊரடங்கு இல்லையாம். ஒரே ஒரு சாயங்காலம் வெளியில உட்காரணுங்க, அவ்வளவுதான்."

"அதுக்கென்ன லா, உட்கார்ந்தா போச்சு," என்றார் ஹியூபர்ட். மனசாரத்தான் சொன்னார். கால்களைக் கலந்துகொள்ளவில்லை.

கேட்டை மேற்பார்வை பார்க்கும் முருகையா மண்டோரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். முதலில் இறங்கிய பழைய ஊர் பெட்சபுரி. குன்றின்மேல் ராஜா கட்டிய அரண்மனை, வழியெல்லாம் குரங்கு. அகதா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, ஐந்தரை. ஹியூபர்ட் எழுந்து கைதட்டினார்.

"உள்ள போ, உள்ள போ! தள்ளாம வரிசையா வா!"

குரங்குகள் வரிசையில் வந்தன. குட்டி வைத்திருந்தவை முன்னால். அத்தனையையும் எண்ணி அரண்மனைக்குள் விட்டுவிட்டு, அகதாவின் கையைப் பிடித்து விடுதிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினார். அரண்மனைக் காவல்காரன் சலாம் வைத்தான்.

அடுத்தது நக்கோன் பத்தோம். வானத்தை முட்டும் ஸ்தூபியைச் சுற்றிக்கொண்டிருந்த கல்யாண கோஷ்டி ஒன்றை, மேளத்தோடு விடுதிக்குள் ஓட்டிவந்தார். விடுதிக்காரர் எல்லாருக்கும் அறை கொடுத்து, இவரிடம் மட்டும் வாடகை வாங்க மறுத்துவிட்டார். மாப்பிள்ளைதான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சந்தோஷமா?" என்றாள் அகதா, ஜன்னல் வழியாகக் கடைவீதி விளக்குகளைப் பார்த்தபடி.

"நான் என்ன லா பண்றது? காலு போகுது."

"காலு போகட்டும். நீங்க இருங்க."

பேங்காக்கில் வண்டி மாறிக் கடைசி ஊரான அயுத்தயாவுக்குப் போனார்கள். விடிந்தால் ஊர் திரும்பும் ரயில். இடிந்த கோபுரங்கள், ஆறு, ஆற்றங்கரையில் மீன் சுடும் கடை, கடைக்கு நேர் எதிரே விடுதி. ஐந்தரைக்குக் கால்கள் கிளம்பின. அகதா இந்தத் தடவை கையைக் கொடுக்கவில்லை. கடை முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அகதா, மணியாச்சு!" விடுதி வாசலிலிருந்து ஹியூபர்ட் கூப்பிட்டார்.

"உள்ள எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

"கணக்குப்படி?"

"ரெண்டு."

"ஒரு ஆள் குறைஞ்சா கேட்டைச் சாத்தலாமா, கிராணியாரே?"

ஹியூபர்ட் கதவிலிருந்து கையை எடுத்தார். "சாத்தக் கூடாது. வெளியே போய்த் தேடணும்."

"அப்புறம் என்ன? வந்து தேடுங்க."

கடமை என்றதும் கால்களே அவரை ரோட்டைத் தாண்டிக் கூட்டிவந்தன.

"கிடைச்சிட்டே. எழுந்திரு."

"நான் கிடைச்சேன், சரி. இப்ப உள்ள யாரு இருக்கா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "யாருமில்ல."

"அப்ப ரெண்டு ஆள் குறையுது. இன்னும் மோசமாப் போச்சே!" முக்காலி ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள்.

எண்ணுகிறவனே காணாமல் போனால் என்ன செய்வது என்று தோட்டத்தில் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. யோசித்துப் பார்த்தார். உட்கார்ந்தார்.

சூரியன் இறங்கியது. படகுகளில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது. அகதா மீனைப் பிட்டு, முள் எடுத்து, அவர் பக்கம் வைத்தாள். வெகுநேரம் கழித்து, "இன்னொரு மீன் சொல்லவா?" என்றார் ஹியூபர்ட்.

அப்போது பார்த்து விடுதிக்காரர் கதவைச் சாத்த வந்தார். ஹியூபர்ட் முக்காலியை விட்டு அசையவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"சாத்தாதே! ரெண்டு ஆள் வெளிய இருக்கு!"

தமிழில்தான் அதட்டினார். விடுதிக்காரர் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மீன் கடைக்கு வந்து சேர்ந்தார்.

"மூணு," என்றார் ஹியூபர்ட், வாயில் மீனோடு.